ஸ்டர்லிங்கின் இடது கால்: ஒரு பழைய கிட், ஒரு முறிவு, ஒரு சீரமைப்பு

பெயின்ட் வேலை முடிந்த மறுநாள் காலை, மாடலை முதன்முறையாக அதன் சொந்தக் கால்களில் நிறுத்தினேன். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. இடது கால் மெல்ல வெளிப்பக்கமாக விரிந்தது. இறக்கையின் நுனி மேஜையைத் தொட்டது. அப்புறம் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். கால் தனியாக, விமானம் தனியாக.

விமானம் ஷார்ட் ஸ்டர்லிங். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படைக்கு வந்த, நான்கு எஞ்சின் கொண்ட முதல் குண்டுவீச்சு விமானம். கிட், அதாவது பாகங்களாக வரும், நாமே ஒட்டிக் கட்ட வேண்டிய பிளாஸ்டிக் மாடல், 1/72 அளவு: அசலில் 72இல் ஒரு பங்கு. இதன் அச்சு முதன்முதலில் 1966ல் வெளிவந்தது. என்னிடம் வந்தது பல கை மாறிய பெட்டி. பழைய கிட் ஒன்றைக் கட்டுவதில் எங்கெங்கே கவனம் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு முறிவே நல்ல சாட்சி என்பதால், நடந்ததை முழுக்க எழுதி வைக்கிறேன். எந்த மாடலிலும் கால் முறியலாம். ஆனால் ஸ்டர்லிங்கில் கால் வெறும் ஒரு பாகமல்ல. அந்த விமானத்தின் வரலாறே அதன் கால்களில்தான் நிற்கிறது.

ஏன் அவ்வளவு உயரம்

ஷார்ட் நிறுவனம் பறக்கும் படகுகளுக்கு, அதாவது நீரில் இறங்கி எழும் விமானங்களுக்குப் பேர்போனது. சண்டர்லேண்ட் அவர்களுடையது. ஸ்டர்லிங்கின் இறக்கையும் அந்தக் குடும்பத்து இறக்கைதான். முழு அளவு விமானத்தைக் கட்டுவதற்கு முன், அதைப் பாதி அளவில், பெரும்பாலும் மரத்தில், உண்மையாகவே பறக்கக்கூடிய ஒரு மாதிரியாகச் செய்து பார்த்தார்கள். எஸ்.31 என்று பெயர். நான்கு சின்ன போப்ஜாய் எஞ்சின்களோடு 1938 செப்டம்பரில் அது பறந்தது. மாடல் கட்டுகிற யாருக்கும் இந்தச் செய்தி இனிக்கும்: ஸ்டர்லிங்கின் கதையே ஒரு மாடலில்தான் தொடங்குகிறது.

அந்தப் பாதி அளவு மாதிரியை ஓட்டிப் பார்த்த விமானிகள், தரையை விட்டு எழும்ப இது ரொம்ப தூரம் ஓடுகிறது, இறக்கையின் சாய்வை மூன்று டிகிரி கூட்டுங்கள் என்றார்கள். உடலோடு இறக்கை சேரும் கோணத்தையே மாற்றுவதென்றால் உற்பத்திக்காக ஏற்கெனவே செய்த ஏற்பாடெல்லாம் வீண். அதனால் குறுக்குவழி ஒன்றைப் பிடித்தார்கள். இறக்கையைத் தொடவில்லை, முன் கால்களை நீட்டினார்கள். தரையில் நிற்கும்போது மூக்கு மேலும் மூன்று டிகிரி நிமிர்ந்துகொண்டது, வேலை முடிந்தது.

முடிந்ததா? 1939 மே 14 அன்று முதல் முழு அளவு விமானம் பறந்துவிட்டுத் தரையிறங்கியபோது, ஒரு பிரேக் இறுகிப் பிடித்துக்கொள்ள, கால்கள் மடங்கி, விமானம் பழுதுபார்க்க முடியாதபடி போய்விட்டது. இரண்டாவது முன்மாதிரி டிசம்பரில்தான் பறந்தது. அந்த நெட்டைக் கால்கள் மேலே மடங்குவதற்கும் இரண்டு கட்டம் தேவைப்பட்டது: முதலில் நேராக மேலே, பிறகு பின்பக்கமாக எஞ்சின் கூட்டுக்குள். மின் மோட்டார்கள்தான் அந்த வேலையைச் செய்தன. படங்களில் காலைப் பார்த்தால் கட்டிடம் கட்டும்போது போடுகிற சாரம் போல இருக்கும்.

கிட்டை வார்த்தவர்கள் அந்தச் சாரத்தை அப்படியே சின்னதாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். மெல்லிய கம்பிகள், குறுக்குத் தாங்கிகள், ஒவ்வொன்றும் தீக்குச்சியைவிடச் சற்றே பருமன். 1960களின் வார்ப்பு வேலைக்கு அது பெரிய துணிச்சல். அந்தத் துணிச்சலுக்கு மரியாதை கொடுத்துக் கட்டியிருக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை.

வந்த நிலை

பெட்டிக்குள் இருந்தது முழு கிட் அல்ல, பாதியில் நின்றுபோன வேலை. முன்பு வைத்திருந்த யாரோ இடது இறக்கையின் மேல், கீழ்ப் பாதிகளை ஒட்டி, வாலையும் ஒட்டிவிட்டு விட்டுவிட்டார். ட்யூப் பசை இறக்கையின் முன்விளிம்பில் வழிந்து, அங்கிருந்த ரிவெட் புள்ளிகளை (உலோகத் தகடுகளை இணைக்கும் ஆணித் தலைகளைக் காட்டும் புள்ளிகள்) கரைத்திருந்தது. அந்த இறக்கை வளைந்தும் இருந்தது. மேஜையில் படுக்க வைத்தால் நுனி சுமார் 6 மி.மீ. தூக்கி நிற்கும். இது வார்ப்புக் குறை அல்ல. பல வருடம் ஏதோ பாரத்துக்கு அடியில் கிடந்ததன் விளைவு. வலது இறக்கை, பாகங்கள் வார்ப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை விட்டே பிரியாமல் நேராக இருந்தது.

கண்ணாடிப் பாகங்கள் மங்கியிருந்தன. டெகால் தாள் (சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட, நீரில் நனைத்து மாடலில் ஒட்டும் தாள்) தேநீர் கறை பட்டது போல மஞ்சளாகியிருந்தது. மற்றபடி எல்லாப் பாகங்களும் இருந்தன, இடது கால் உட்பட.

முதல் வேலை, பழைய ஒட்டைப் பிரிப்பது. பழைய ட்யூப் பசை காலப்போக்கில் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். இறக்கையை ஒரு பைக்குள் போட்டு ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து எடுத்தேன். ஓரமாக மெல்லிய கத்தி நுனியை நுழைத்து லேசாகத் திருகினால், சடசடவென்று பெரும்பகுதி விட்டுக்கொடுத்தது. வழிந்து உருகிய முன்விளிம்பு மட்டும் வரவில்லை. அதை விட்டுவிட்டேன். உருகிச் சேர்ந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்கப் பார்த்தால் இறக்கைதான் கிழியும்.

வளைவை எடுக்க வெந்நீர். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் காரியம் கெடும், ஏனென்றால் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் 100 டிகிரிக்கு அருகில்தான் இளகத் தொடங்கும். கை பொறுக்காத சூட்டில் தண்ணீரை எடுத்து, இறக்கையை அதில் அரை நிமிடம் பிடித்து, எதிர்த்திசையில் கொஞ்சம் அதிகமாகவே வளைத்து, அப்படியே குளிர்ந்த நீருக்கு மாற்ற வேண்டும். ஒரே தடவையில் நேராக்கப் பார்க்கக் கூடாது. எனக்கு ஐந்து தடவை ஆனது. மீண்டும் வளையாமலிருக்க உள்ளே பிளாஸ்டிக் பட்டைகளை முதுகெலும்பு போல ஒட்டினேன். இந்தப் பட்டைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகின்றன.

ரிவெட், ஜன்னல், கறுப்பு

பழைய கிட் கட்டுகிறவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு: மேலெழும்பிய ரிவெட் புள்ளிகளைத் தேய்த்து எடுப்பதா, வைத்துக்கொள்வதா. கணக்குப் போட்டால் தேய்ப்பவர்கள் பக்கம்தான் நியாயம். கிட்டில் ஒரு புள்ளி 0.4 மி.மீ. அகலம் என்றால், 72ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 3 செ.மீ. அவ்வளவு பெரிய தலையுள்ள ரிவெட்டை எந்த விமானத்திலும் பார்க்க முடியாது. ஆனாலும் நான் வைத்துக்கொண்டேன். கணினி இல்லாத காலத்தில், அச்சு செய்தவர் ஒவ்வொரு புள்ளியாகக் கையால் இட்ட வரிசை அது. விமானத்தின் மாதிரி மட்டுமல்ல, 1966ஆம் வருட வேலைப்பாட்டின் மாதிரியும்தான் இது. இணைப்புக் கோடுகளில் புட்டி போட்டுத் தேய்த்த இடங்களில் மட்டும் புள்ளிகள் போயின. அவற்றை ஊசி நுனியில் தொட்ட வெள்ளைப் பசைத் துளிகளால் திரும்ப வைத்தேன்.

ஸ்டர்லிங்கின் உடல் நெடுக வரிசையாகச் சின்ன ஜன்னல்கள். மங்கிய கண்ணாடித் துண்டுகளை மெருகேற்றி உட்காரவைப்பதைவிட, அந்தத் துளைகளில் மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையையே படலமாக விட்டேன். பல்குத்தும் குச்சியால் துளையின் ஓரத்தைச் சுற்றித் தடவி, அப்படியே குறுக்கே இழுத்தால் சோப்பு நுரை போல ஒரு தோல் பிடிக்கும். காய்ந்தால் தெளிந்த கண்ணாடி. விமானி அறையின் பெரிய கண்ணாடிக்கும் துப்பாக்கிக் கூண்டுகளுக்கும் இது உதவாது. அவற்றை நுண்ணிய உப்புத்தாளில் ஈரத்தோடு தேய்த்து, பிறகு பற்பசையால் மெருகேற்றினேன்.

மேல்புறம் மண் நிறமும் கரும்பச்சையும். பக்கவாட்டும் அடியும் கறுப்பு. இரவு நேரக் குண்டுவீச்சு விமானங்களுக்கு அன்று பூசிய கறுப்பு, புகைக்கரி போல ஒளியை விழுங்கும் கறுப்பு. மாடலில் சுத்தக் கறுப்பு பூசினால் எல்லா வடிவமும் அதற்குள் மூழ்கிவிடும். பழுப்பும் சாம்பலும் கலந்து ஒரு படி வெளிற வைத்தால்தான் 42 செ.மீ. இறக்கை கண்ணுக்குப் பெரிய விமானமாகத் தெரிகிறது.

அந்த 42 செ.மீ. பற்றி ஒரு வார்த்தை. அசல் இறக்கை 99 அடி 1 அங்குலம். 100 அடிக்குள் இருக்க வேண்டும் என்று அரசின் நிபந்தனை. அதே 1/72 அளவில் கட்டிய லங்காஸ்டர், இன்னொரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம், ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், லங்காஸ்டரின் இறக்கை ஸ்டர்லிங்கைவிட ஒரு செ.மீ.க்குச் சற்று அதிகம். ஆனால் ஸ்டர்லிங்கின் உடலோ லங்காஸ்டரைவிட 7 செ.மீ.க்கு மேல் நீளம். இவ்வளவு உடலுக்கு இந்த இறக்கை போதாது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அதன் பலன் உயரத்தில் தெரிந்தது. ஏறக்குறைய 5,000 மீட்டருக்கு மேல் ஏறத் திணறியது. 1942 நவம்பரில் இத்தாலியின் துரின் நகரைத் தாக்கப் போன ஸ்டர்லிங்குகள் ஆல்ப்ஸ் சிகரங்களைத் தாண்டியே ஆக வேண்டியிருந்தது. அந்த மலைத்தொடரில் மோன் பிளாங்க் மட்டுமே 4,800 மீட்டர். ராடன் மிடில்டன் என்ற ஆஸ்திரேலிய விமானி, முகத்தில் படுகாயத்தோடு அந்த மலைகளைத் திரும்பவும் கடந்து இங்கிலாந்துக் கரை வரை விமானத்தைக் கொண்டுவந்தார். தன் குழுவில் பெரும்பாலோரைக் குதிக்கவைத்துக் காப்பாற்றினார், அவர் பிழைக்கவில்லை. இந்த இறக்கையை உப்புத்தாளில் தேய்க்கும்போது அவர் நினைவு வராமல் இருக்காது.

முறிவும் அதன் காரணமும்

கால்களைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது என் வழக்கம். பெயின்ட் பூசும்போது இடிக்காது, மறைப்பு நாடா ஒட்டச் சுலபம். இந்த முறையும் அப்படித்தான். கால் பாகங்களைச் சட்டத்தில் இருக்கும்போதே வண்ணம் பூசி, பிறகு வெட்டியெடுத்துச் சேர்த்து, எஞ்சின் கூட்டுக்குள் ஒட்டி, ஒரு இரவு காயவிட்டேன். காலையில் நடந்ததுதான் மேலே சொன்னது.

ஆத்திரத்தில் உடனே ஒட்டாமல் ஒரு நாள் அப்படியே வைத்துவிட்டது நல்லதாகப் போயிற்று. மறுநாள் முறிந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உடைந்த பிளாஸ்டிக் என்றால் முகம் சொரசொரப்பாக வெளுத்திருக்கும். இங்கே ஒரு ஓரத்தில், பிறை வடிவில் மட்டும் அப்படி இருந்தது. மீதி முழுக்க வழவழப்பான பெயின்ட் படலம். அது லேசாகச் சுருங்கி, பால் ஏடு போல மடிந்திருந்தது.

காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் மாடல் பசை சாதாரணப் பசை மாதிரி இரண்டு பொருளுக்கு நடுவே உட்கார்ந்து பிடிப்பதில்லை. அது ஒரு கரைப்பான். இரண்டு முகங்களையும் இளக்கி, ஒன்றோடொன்று கலக்கவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். நடுவில் பெயின்ட் இருந்தால் பெயின்ட்டைத்தான் இளக்கும். நான் ஒட்டியது காலைக் கூட்டோடு அல்ல, பெயின்ட்டைப் பெயின்ட்டோடு. பிறை வடிவ ஓரத்தில் பெயின்ட் படாத இடம் மட்டும் உண்மையாகச் சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் வலது கால் ஏன் நின்றது? அதையும் அதே நாளில், அதே பசையில்தான் ஒட்டினேன். யோசித்துப் பார்த்தபோது ஞாபகம் வந்தது. வலது காலின் மேல்முனை அதன் குழிக்குள் நுழையவில்லை, இறுக்கமாக இருந்தது. அதனால் அரத்தால் நான்கைந்து இழுப்பு இழுத்துத்தான் நுழைத்தேன். பெயின்ட் போயிருந்தது. இடது கால் சிரமமே இல்லாமல் உள்ளே போனது. சுலபமாகப் பொருந்தியதுதான் முறிந்தது.

பாரமும் ஒரு காரணம். இடது இறக்கைக்குள் நான் வைத்த முதுகெலும்புப் பட்டைகள், முன்விளிம்பில் போட்ட புட்டி எல்லாம் சேர்ந்து அந்தப் பக்கத்தைக் கனமாக்கியிருந்தன. நின்றவுடன் விமானம் சாய்ந்த பக்கமும் அதுவே. இன்னொன்று, குறுக்குத் தாங்கிகள். கண் அளவில் நேராகத் தெரிகிறதே என்று ஒட்டியிருந்தேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் இடது காலின் தாங்கி மேல்முனையில் கூட்டைத் தொடவே இல்லை, ஒரு தாள் நுழையும் இடைவெளி. பாரம் முழுவதும் முதன்மைக் கம்பியின் ஒரே இணைப்புக்குப் போயிருக்கிறது. ஆனாலும் இவை இரண்டும் துணைக் காரணங்களே. பெயின்ட் இல்லாதிருந்தால் கால் தாங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

சீரமைப்பு

முறிந்த முகம் இரண்டையும் பிளாஸ்டிக் தெரியும்வரை சுரண்டினேன். ஆனால் சுரண்டிச் சுரண்டி முகம் குறுகிவிட்டது. வெறும் பசையை இனி நம்ப முடியாது. கைத்துளைப்பானில் 0.5 மி.மீ. துளைமுனையை மாட்டி, காலின் மேல்முனைக்குள்ளும் கூட்டுக்குள்ளும் ஆளுக்கு 6 மி.மீ. துளை போட்டேன். தீக்குச்சிப் பருமன் கம்பிக்குள் நட்டநடுவில் துளை போடுவது பொறுமையைச் சோதிக்கிற வேலை. முதலில் ஊசியால் ஒரு குழி, பிறகு துளைப்பானை விரல்நுனியில் உருட்டுவது, நான்கு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தூளைத் தட்டுவது. அவசரப்பட்டால் சூட்டில் பிளாஸ்டிக் உருகித் துளைமுனையைக் கவ்விக்கொள்ளும். உள்ளே பித்தளைக் கம்பி.

பிடிப்புக்கு உடனடிப் பசை வேண்டாம் என்று முடிவு செய்தேன். அது நொடியில் பிடித்துவிடும், கோணத்தைத் திருத்த அவகாசம் கிடைக்காது. இரண்டு பகுதியாகக் கலக்கும் எபாக்ஸி எடுத்தேன். எனக்கு வேண்டியது வலிமையைவிட அந்த அவகாசம்தான். கால்களுக்கு இடையே உள்ள அகலத்தைப் போல இறக்கை பல மடங்கு நீளம், ஆகவே காலில் ஒரு மி.மீ. பிசகினால் இறக்கை நுனியில் அது மூன்று நான்கு மி.மீ. ஆகத் தெரியும்.

கோணம் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன். விமானத்தைத் தலைகீழாக ஒரு துணிமெத்தையில் படுக்கவைத்து, இரண்டு முன்சக்கரங்கள், வாலில் இருக்கும் ஜோடிச் சக்கரங்கள், எல்லாவற்றின் மேலும் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்தேன். அந்தக் கண்ணாடிதான் தரை. அதிலிருந்து இரண்டு இறக்கை நுனிகளுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் சாய்வு தெரிந்துவிடும். முதல் அளவில் 5 மி.மீ. வித்தியாசம். எபாக்ஸி இறுகுவதற்குள் காலைச் சிறுகச் சிறுகத் தள்ளி அதை 1 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். குறுக்குத் தாங்கியின் மேல்முனையில் இருந்த இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் சீவலைத் திணித்து, இம்முறை சுத்தமான முகத்தில் கரைப்பான் பசை விட்டேன். இரண்டு முழு நாள் யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

காத்திருந்த நேரத்தில் சக்கரங்களின் அடியை லேசாகத் தட்டையாக அராவினேன். பாரம் ஏற்றிய ஸ்டர்லிங்கின் எடை 30 டன்னுக்கும் மேல் போகும். டயர் அடியில் பிதுங்காமல் இருக்காது. மாடல் உறுதியாக நிற்கவும் அது உதவுகிறது. மூக்கில் பாரம் வைக்கத் தேவையில்லை, வால் சக்கரத்தில் அமரும் விமானம் இது.

பெயர்

டெகால் தாளை ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி இரண்டு வாரம் ஒட்டிவைத்தேன். மஞ்சள் நன்றாகவே வெளுத்தது. ஆனால் சோதனைக்காகத் தண்ணீரில் போட்ட ஒரு சின்னத் துண்டு நொறுங்கி மிதந்தது. தெளிந்த வார்னிஷ் பூசி மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கலாம்; அந்தத் தாளை அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, தனியாக வாங்கிய டெகாலைப் பயன்படுத்தினேன். 15ஆம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவின் விமானம், உடலில் எழுதிய அடையாள எழுத்துகள் எல்எஸ்-எஃப். மூக்கில் ‘மெக்ராபர்ட்ஸ் ரிப்ளை’, அதாவது மெக்ராபர்ட்டின் பதில்.

ரேச்சல் மெக்ராபர்ட் சீமாட்டியின் கணவர் அலெக்சாண்டர், கான்பூரில் கம்பளி ஆலைகளை நடத்திப் பெரிய செல்வரானவர். மூன்று மகன்கள். மூத்தவர் 1938ல் விமான விபத்தில் இறந்தார். மற்ற இருவரும் விமானப் படையில். 1941 மே, ஜூன் என்று அடுத்தடுத்த மாதங்களில் போனார்கள், ஒருவர் ஈராக்கில், ஒருவர் கடலுக்கு மேல். அந்தத் தாய் 25,000 பவுண்டு அனுப்பி, ஒரு குண்டுவீச்சு விமானம் வாங்கச் சொன்னார். அந்தப் பணத்துக்காக ‘மெக்ராபர்ட்ஸ் ரிப்ளை’ என்று பெயரிட்ட ஸ்டர்லிங் 1941 அக்டோபரில் படைக்குப் போனது. 1942 தொடக்கத்தில் அது விபத்தில் சேதமானது. அதே பெயரை ஏற்ற இரண்டாவது ஸ்டர்லிங் அந்த ஆண்டு மே மாதம் டென்மார்க்கில் விழுந்தது.

மொத்தம் 2,300க்கு மேல் கட்டினார்கள். 1943 நவம்பருக்குப் பிறகு ஜெர்மனி மீதான தாக்குதல்களிலிருந்து ஸ்டர்லிங்குகளை விலக்கிக்கொண்டு, கடலில் கண்ணிவெடி போடவும் எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களை இழுக்கவும் அனுப்பினார்கள். இன்று முழுமையான ஸ்டர்லிங் உலகத்தில் ஒன்றுகூட இல்லை. எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் அந்தக் கால்களுக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்க்க முடியாது. அதனால்தான் கோணத்துக்காக இவ்வளவு பாடுபட்டேன். இந்த மாடலைப் பார்க்கிறவர் ஸ்டர்லிங் எப்படி நின்றது என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும்.

ஆறு மாதத்துக்குப் பின்

எபாக்ஸி நாளடைவில் தளரலாம், வெந்நீரில் நிமிர்த்திய இறக்கையும் பழைய வளைவுக்குத் திரும்பலாம். அதனால் ஆறு மாதம் கழித்து மாடலை மறுபடி தலைகீழாக்கி, அதே கண்ணாடியை வைத்து அளந்தேன். காலில் மாற்றம் இல்லை. இடது இறக்கை நுனி மட்டும் அரை மி.மீ. எழும்பியிருக்கிறது. இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

அடுத்து மேஜைக்கு வந்திருப்பது அதே காலத்து ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தின் கிட். இந்த முறை பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்பே கால்களைப் பித்தளைக் கம்பி வைத்து ஒட்டிவிட்டேன். மறைப்பு நாடா ஒட்டுவது இரண்டு மடங்கு கஷ்டமாகத்தான் இருக்கிறது.